எண்ணெய் இல்லாமல் ஒன்று

மாட்டுங்கா ஸ்டேஷன் எடைமெஷினில்
செருப்பைக் கழற்றி,
கைப்பையைத் தரையில் வைத்து,
மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.
சிவப்பும் பச்சையுமாய்ச் சுற்றிய விளக்குகள் நின்று
ஓர் அட்டையைத் துப்பின.
எண்பத்தொன்றரை.
பின்பக்கம் இந்தியில்:
நண்பர்களால் நன்மை உண்டு.

நண்பர்கள் என்றால்
பில்லிங் செக்‌ஷனில் மூன்று பேர்,
சாவந்த், பெர்சிஸ், தள்வி.
வெள்ளிக்கிழமை மதியம் என்றால் ஹோட்டல்.
ஒருத்தி மெலியப் பார்க்கிறாள் என்று
யாரும் வெள்ளிக்கிழமையை ரத்து செய்வதில்லை.

டயட்டீஷியன் கொடுத்த தாள்
பையில் நாலாய் மடிந்து கிடக்கிறது.
வெளியே சாப்பிடும்போது, என்று தலைப்பு.
முதலில் தண்ணீர் குடியுங்கள்.
மெதுவாக மெல்லுங்கள்.
பாதியைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள்.
பக்கத்து இலையைப் பார்க்காதீர்கள் என்பது
நான் பென்சிலால் சேர்த்துக்கொண்டது.

சேசப்ப பூஜாரிதான் எங்கள் மேசைக்கு.
காதோடு சொன்னேன்,
ஒரு சாதா, எண்ணெய் இல்லாமல்.
அவர் அங்கிருந்தே அடுக்களைக்குக் கத்தினார்:
ஏக் சாதா! பினா தேல்!
அடுக்களை ஜன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது,
எண்ணெய் வேண்டாத ஜென்மம் எதுவென்று.
கல்லாவில் சில்லறை எண்ணியவர்
எண்ணிக்கையை விட்டார்.

வந்தது.
பழைய ரேஷன் கார்டின் நிறம்.
கிழித்தால் அதே சத்தம்.

எதிரே பெர்சிஸ்
வடையை ரசத்தில் அழுத்தினாள்.
வடை ஒரு பெருமூச்சு விட்டது.
சத்தியமாகக் கேட்டேன்.
ஒரு வாய்தானே, என்றான் சாவந்த்,
அன்னாசி கேசரியை என் பக்கம் தள்ளி.
பதினாறு வருடம் கணக்கு எழுதுகிறவள்,
வவுச்சர் இல்லாத செலவை நம்பலாமா?
நம்பினேன்.
நான்கு முறை.

அப்புறம் யோக்கியமாய்ப் பாதி தோசையைப் பார்சல் கட்டினேன்.
மேசை டிராயரில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்
அது சாயங்காலம் வரை இருந்தது.
இன்வாய்ஸ் எல்லாம் சாம்பார் மணம்.
பாண்டூப் வீட்டில்
ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே தின்றேன்.
வீட்டுக்குள் தின்றால் எப்படி என்று
தாளில் எதுவும் இல்லை.

மாதக் கடைசி.
கணக்கு முடிக்க இரவு பத்தாகிவிட்டது.
பிளாட்பாரத்தில் மெஷின் மேல் யாரோ.
கட்டம் போட்ட சட்டையில்
அடையாளம் தெரியச் சற்று நேரமானது.
சேசப்பா.
செருப்போடு ஏறியிருந்தார்.
தோளில் பை, கையில் டப்பா,
சட்டைப் பையில் சாவிக்கொத்து, போன்.
அட்டை விழும் வரை அசையவில்லை.

என்னைப் பார்த்ததும் காட்டினார்.
நாற்பத்தொன்பது.
மாத்திரை ஆறு மாதம் முடிந்துவிட்டது மேடம்,
டாக்டர் ஐம்பது கேட்கிறார்,
இந்த வாரம் முக்கால் கிலோ ஏறியிருக்கு.
சொல்லும்போது கன்னம் இல்லாத இடத்தில்
கன்னம் மாதிரி ஏதோ வந்தது.
சாப்பாட்டுக் கடையில் வேலை,
சாப்பிட நாலு மணியாகிவிடும், என்றார்.
புகாராகச் சொல்லவில்லை.
ரயில் நேரம் சொல்வது போல.

டப்பா அரைக் கிலோவாவது இருக்கும்.
செருப்பு தடித்த ரப்பர், கால் கிலோ.
கழித்துப் பார்க்கத் தெரிந்தவள் நான்.
வாய் திறக்கவில்லை.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்.
கண்ணாடி கொண்டுவரவில்லையாம்.
படித்தேன்.
நண்பர்களால் நன்மை உண்டு.
மெஷினுக்குத் தெரிந்ததே
அந்த ஒரு வரிதானோ என்னவோ.

நீங்க பார்க்கலையா மேடம், என்று
ஒதுங்கி இடம்விட்டார்.
பையில் பென்சில் கோடு போட்ட தாள்,
லெட்ஜர் நகல், குடை,
பெர்சிஸ் பிறந்தநாளுக்கு வாங்கி
இன்னும் கொடுக்காத பித்தளைக் குத்துவிளக்கு.
தூரத்தில் ஸ்லோ வண்டியின் விளக்கு தெரிந்தது.

செருப்போடு ஏறினேன்.