மே மாதம் வரைக்கும்

தோர்னியோ ஆற்றின் ஓரங்களில்
முதல் பனிச்சில்லு படிகிற வாரம்
வண்டியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிவிடுவேன்.
பெட்ரோல் பங்க் வரை, போய்வர ஒன்பது கிலோமீட்டர்.
விரல்கள் இன்னும் கையுறைக்குள்தான் இருக்கின்றன
என்பது ஒரு நம்பிக்கை.

டேங்க்கை விளிம்புவரை நிரப்ப வேண்டும்.
காலி இடம் விட்டால் காற்று வந்து உட்காரும்,
காற்றுக்குள் ஈரம்,
ஈரத்துக்குள் துரு.
ஒரு மூடி மருந்தைப் பெட்ரோலில் கலந்து
அது கார்புரேட்டரின் தொண்டையில் இறங்கும்வரை ஓடவிட்டு
சூடு ஆறுமுன் பழைய ஆயிலை வடிப்பேன்.
கறுப்பு நூலாக இறங்கும்.
ஒரு கோடை முழுக்க அதில் கரைந்திருக்கிறது:
நார்விக் சாலையில் வழிவிடாமல் நின்ற பனிமான்கள்,
மூன்று நாள் மழை,
ஹெல்மெட்டுக்குள் நான் போட்ட சண்டைகள்.
அத்தனையிலும் நானே ஜெயித்தேன்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து
ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.
இரவில் சமையலறையில் சார்ஜரின் பச்சை விளக்கு மட்டும்.
தனியாக இருக்கிறாயே என்று தங்கை போனில் கேட்டால்
அதைத்தான் சொல்வேன்.

சைலன்சர் வாயில் கம்பி நார், எலிக்காக.
டயருக்கடியில் பலகை.
மேலே பிளாஸ்டிக் ஷீட் ஆகாது, மூச்சு முட்டி வேர்க்கும்.
ரோஜாப்பூ போட்ட பருத்தி விரிப்பு இருக்கிறது,
கல்யாணத்துக்கு மாமியார் தந்தது.
அவர் மகன் போய்விட்டான்,
விரிப்பு உழைக்கிறது.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை:
ஒன்றும் செய்யாமல் இருப்பது.

பக்கத்து ஷெட் தைஸ்தோ,
ஊர்ச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்,
ஞாயிறுதோறும் தன் வண்டியை உதைத்து எழுப்புவான்.
மைனஸ் இருபத்தாறு.
பலகைச் சுவர் அதிரும். இரண்டு நிமிடம். அணைத்துவிடுவான்.
"இரண்டு நிமிடச் சூட்டில் உள்ளே வேர்க்கும், தைஸ்தோ.
வேர்த்தது வெளியே போகாது."
"கேட்காமல் இருக்க முடியவில்லை, இர்மெலி."

எனக்கும்தான்.
பகல் என்று சொல்லிக்கொள்ள மூன்று மணிநேரமே மிஞ்சிய டிசம்பரில்
ஒருநாள் விரிப்பைத் தூக்கிச் சாவியைப் போட்டுத் திருகினேன்.
பேட்டரி ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.
அக்டோபரில் இருந்த நான்
என்னைவிடக் கெட்டிக்காரி.

மே. ஆற்றுப் பனி பாளம் பாளமாக முறிந்து
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகிறது.
தைஸ்தோ ஒரே உதை.
துருவேறிய சைலன்சர், போன வருஷத்து ஆயில்,
வண்டி கிளம்பிவிட்டது.
என்னுடையது இரண்டு முறை இருமி நின்றது.
சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால்
உள்ளே ஒரு குடித்தனம்.
சீட்டுப் பஞ்சு, விரிப்பின் நூல்,
எங்கிருந்தோ இன்சூரன்ஸ் கடிதத்தின் ஒரு மூலை.
நான் அடைத்தது வாசலை,
அவள் வந்தது மூச்சுக்குழாய் வழியாக.
எலி வளையானாலும் தனி வளை வேண்டும்தான்.
ஐநூறு சி.சி.யிலா?

கண் திறக்காத ஆறு குட்டிகள்,
விரிப்பின் ரோஜா நிறத்தில்.

நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.
எலிக்கு அது தெரியாது.

தைஸ்தோ எட்டிப் பார்த்தான்.
அவன் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.
"கண் திறந்து கிளம்ப மூன்று வாரமாவது ஆகும்" என்றான்,
பெட்டியின் மூடியை மெல்லச் சாத்திவிட்டு.
அப்புறம் தன் பின்சீட்டைக் கையால் துடைத்தான்,
கையுறையால் இன்னொரு முறை.

ஏறிக்கொண்டேன்.
பாலம் தாண்டும்வரை
அந்தச் சைலன்சரைத் திட்டிக்கொண்டே போனேன்.
அவனுக்குக் கேட்டிருக்காது,
அவ்வளவு சத்தம்.