இது என்ன எழுத்து

பெயின்ட் கடையில் கணக்குப் பார்க்கும் லெயோனி
நெல்லித்தோப்பில் என் மேசைமேல்
பதினோரு வட்டுகளை அடுக்கிவிட்டு
நிற அட்டை ஒன்றின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்:
"அடியில வர்ற தமிழ் பெருசாகணும்.
டிவி அந்தச் சுவர்ல, கட்டில் இந்தச் சுவர்ல."
அட்டையின் முன்பக்கம் கடல்பச்சை, மூன்று வகை.

பெரிதாக்கிக் காட்டினேன்.
எழுத்தெல்லாம் படிக்கட்டானது.
ழகரத்தின் வால் செங்கல் செங்கலாகப் பெயர்ந்தது.
அவள் அட்டையிலேயே பதில் எழுதினேன்:
இது எழுத்தோட போட்டோ. எழுத்தாக்கணும்.
வெள்ளிக்கிழமை வாங்க.

நான்கே நிறம் அதற்கு.
வெள்ளை, கறுப்பு ஓரம், இடையில் ஒரு சாம்பல்.
நான்காவது ஒன்றுமில்லாத நிறம்,
அதன் வழியாகத்தான் நடிகர்களின் முழங்கால் தெரிகிறது.
நேரமெல்லாம் தனிக் கோப்பில்.
யார் என்ன பேசினார்கள் என்று அதற்குத் தெரியாது.
எப்போது விடுவது, எப்போது அடைப்பது, அவ்வளவுதான்,
கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்குத்
தடுப்பை இழுத்துவைக்கிற போலீஸ்காரர் மாதிரி.

மென்பொருள் முதல் வரியை நறுக்கி
ஒரு துண்டை நீட்டிக் கேட்டது:
இது என்ன எழுத்து?
க என்றேன்.
இது?
ட.
ஒன்றாம் வகுப்பில்கூட என்னிடம் யாரும்
இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

ஒருமுறை சொன்னால் மறக்காது என்பது பாதி உண்மை.
ரகரத்தின் கீழ்ச் சாய்கோடு அந்த அளவில்
ஒரே ஒரு புள்ளி, அதுவும் சாம்பல்.
ரகரம் காலாகும், கால் ரகரமாகும்.
மாமரம் மரமரம் ஆனது.
"அவர் வர மாட்டார்" என்று ஒருத்தி அழுத இடத்தில்
"அவர் வா மாட்டார்."
கண்ணில் பட்டதைத் திருத்தினேன்.

மூன்றரைக்குக் கரண்ட் போய் வந்தது.
நான்காவது வட்டில் ஒரு கொக்கி வந்து நின்றது.
கீழே தடித்த முண்டு, மேலே ஒரு வளைவு.
இது என்ன எழுத்து?
என் விசைப்பலகையில் அப்படி ஒன்று கிடையாது.
பாட்டு ஓடுகிறது என்பதற்கான குறி அது.
இவளுக்கு எதற்கு என்று
(எழுதும்போதே கூசுகிறது)
"இனி எங்கு வந்தாலும் விட்டுவிடு" என்பதை அழுத்தினேன்.
மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை வாங்கிப் போனவள்
திங்கட்கிழமை வந்தாள், வெள்ளை வகைகளின் அட்டையோடு.
"எழுத்து நல்லாருக்கு. கட்டில்லேர்ந்தே தெரியுது.
அந்தத் தூண்டில் முள் எங்க?"

அது பாட்டு, என்று எழுதினேன்.

"தெரியும்.
அது வந்தாத்தான் எந்திரிச்சுப் போய்ப் பால் வைப்பேன்.
அஞ்சு நிமிஷத்துக்கு யாரும் பேச மாட்டாங்க.
இப்ப ஆடிட்டே இருக்காங்க.
எப்ப வாயத் திறப்பாங்கன்னு
பாத்துட்டே உக்காந்திருந்தேன்.
ரெண்டு நாளா காபி இல்ல."

பழைய கோப்பைத் திறந்து, ஒலியை அணைத்துவிட்டு,
படங்களை மட்டும் ஓடவிட்டுத் தேடினேன்.
அறுபத்தொரு இடம்.
வரும் நேரம், போகும் நேரம், கையாலேயே அடித்தேன்.
முப்பதாவதோ என்னவோ, அது வந்ததும்
நானும் எழுந்து போய் டீ வைத்தேன்.
மரத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள்
நான் திரும்பும்வரை
ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பணம் கொடுத்தாள். சில்லறை சரியாக.
போகிற போக்கில், அட்டையில் மிச்சமிருந்த ஓரத்தில்,
பொடி எழுத்தில்:
"ஏழாவதுல ஒருத்தரை 'வா மாட்டார்'னு போட்டிருக்க.
மாத்தாத.
அந்த ஆளு வருவானா மாட்டானான்னு
கடைசி வரைக்கும் சந்தேகமாவே இருந்துச்சு.
நல்லாருந்துச்சு."