மேல்தட்டுப் பாத்திரம்

ஜூலை முதல் ஞாயிறு.
அயோவாவில் வெயில்
சோளக்காட்டின் மேல் பிழியாத துணியாய்க் கிடக்கிறது.
அப்பாவின் கரியடுப்பைக்
கொட்டகையிலிருந்து உருட்டி வந்தேன்.
மூன்று காலில் ஒன்று குட்டை.
முட்டுக்கொடுக்க அவர் வைத்திருந்த
செங்கல் துண்டையும் மறக்காமல் எடுத்தேன்.

மூடியைத் திறந்தால்
போன செப்டம்பரின் கொழுப்பு
கம்பிகளில் கறுத்து உறைந்திருக்கிறது.
மார்ச்சில் அவர் போனார்.
சுரண்ட எனக்குக் கை வரவில்லை.
ஜோலீன் பிடுங்கிக்கொண்டு சுரண்டினாள்,
"அழுக்கு அழுக்குதான்" என்று.

வெர்லின் காட்லெக்கின் பன்றி விலா என்றால்
எங்கள் தெருவில் தனி மரியாதை.
டிராக்டர் உதிரிபாகக் கடையில்
ஆறு நாளும் வாய் திறக்காத மனிதர்,
ஏழாம் நாள் இடுக்கியை எடுத்துவிட்டால்
நீதிபதி.
கிட்டே யாரையும் விடமாட்டார்.
"நெருப்போட பேசத் தெரியணும்" என்பார்.
என்ன பேசினார் என்று சொன்னதில்லை.
எலும்பைப் பிடித்துத் தூக்கினால்
கறி தானாகக் கழன்று விழும்,
பழுத்த இலை மாதிரி.
பாதிரியாரே மூன்றாம் முறை தட்டை நீட்டுவார்.

அடுப்பைச் சுற்றி ஆண்கள், பீர், கைதட்டல்.
கொசுவலை ஜன்னலுக்கு உள்ளே
உருளைக்கிழங்கு சாலட்டில்
கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டு அம்மா.
எட்டு வயதில் எனக்கு
எந்தப் பக்கம் நிற்க ஆசை என்று
சொல்லவும் வேண்டுமா?

இன்று எல்லாம் அவர் செய்தபடியே செய்தேன்.
கரியைக் கோபுரமாய் அடுக்கினேன்.
சாம்பல் வெளுக்கும்வரை பொறுத்தேன்.
மிளகு, பழுப்புச் சர்க்கரை,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பல்,
அவ்வப்போது ஒரு கை பீர்த் தெளிப்பு.
சத்தமில்லாமல் நெருப்போடு
இரண்டு வார்த்தை பேசியும் பார்த்தேன்.
அது பதில் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு டுவேன் ஒரு கடி கடித்து
"நல்லாருக்கு" என்றார்
ஒரு கன்னத்தால் மட்டும்.
அக்கா மகன் இரண்டு கையாலும் இழுத்தான்.
எலும்பு வந்தது, கறி வரவில்லை.
டுவேனின் நாய் வாங்கிக்கொண்டு போய்
நெடுநேரம் வேலியோரம் யோசித்தது.

"அம்மா, எங்க தப்பு?"

மடக்கு நாற்காலியில்
சோளத்தின் பட்டுநாரை உரித்துக்கொண்டிருந்த அம்மா
தலை நிமிராமல் கேட்டாள்:
"வேக வச்சியா?"
"என்னது?"
"முதல் நாள் ராத்திரி. பெரிய பாத்திரத்துல.
வினிகர், வெங்காயம், ரெண்டு பிரிஞ்சி இலை.
சின்னத் தீயில ரெண்டு மணி நேரம்.
நீங்க தூங்கினப்புறம்."

ஜோலீனின் மூக்கு வழியாக பீர் வந்தது.

ஞாயிறு காலைகளில்
திரைச்சீலையெல்லாம் வினிகர் மணக்கும்.
ஜன்னல் துடைத்தாள் என்றே
இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பாத்திரம் மேல்தட்டுல இருந்தது.
எனக்கு எட்டாது.
யார் இறக்கிக் குடுத்தாங்கன்னு நினைக்கிற?"

எனக்குக் கோபம் வந்தது.
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.
முப்பத்தொரு கோடை.
ஒரு கைதட்டல்கூட ஜன்னலுக்குள் போகவில்லையே.
கேட்டேவிட்டேன்.

அம்மா அடுத்த சோளத்தை எடுத்தாள்.
"கடையில அவரை யாரு மதிச்சா?
ஞாயித்துக்கிழமை ராத்திரி
படுக்கையில பேசிட்டே இருப்பாரு.
டுவேன் இப்படிச் சொன்னான், பாதிரியார் அப்படிச் சொன்னாருன்னு.
மத்த நாள்ல
விளக்கை அணைக்கவான்னு கேட்கிறதோட சரி."
கொஞ்சம் நிறுத்தி,
"சாலட்டை யாருமே பாராட்டலைங்கிறது மட்டும்
எனக்கு வருத்தம்தான்" என்றாள்.

ஆறிய விலாக்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு
சமையலறைக்குப் போனோம்.
மேல்தட்டுக்குக் கை நீட்டினேன்.
எட்டவில்லை.
அவ்வளவு உயரமா இருந்தார் அவர்?
ஜோலீன் முக்காலி கொண்டுவந்தாள்.
பாத்திரத்துக்குள்
உலர்ந்த பிரிஞ்சி இலை ஒன்று
அடியோடு ஒட்டிக் கிடந்தது.

ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டோம்,
வீட்டுக்குப் போய்விட்ட டுவேனை
மறுபடி கூப்பிட்டு.
எல்லோரும் சாலட்டை
இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.
அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெளியே மின்மினிகளுக்கு நடுவே
கரி தானாக அவிந்துகொண்டிருந்தது.
யாரும் அதனோடு பேசவில்லை.