கீழ்க்கடைக்காரர் தட்டவில்லை

இருபத்திரண்டு படிகள்.
முன்பு எண்ணியதில்லை.
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது வலிக்கிற இடது கால் முதலில் என்று
பிசியோதெரபி மேசையில் சொல்லித் தந்தார்கள்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.
பதினான்காவது படியில் நின்று
போன் பார்ப்பதுபோல் நடித்தேன்.
போனில் ஒன்றுமில்லை.

அய்யர் பங்களா நிறுத்தத்தில்
நடத்துனரின் விசில்
என் தாளத்துக்குப் பொருந்தாத அதே இடத்தில்
இன்னும் விழுகிறது.

பத்து மாதம்.
கண்ணாடியின் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கிறது.
மின்விசிறிக்குப் புதுப் பெயின்ட்.
எனக்குப் பதிலாய் நின்றவள் பெயர் லிவின்சி,
வயது இருபத்து நான்கு.
என்னமாய்த் தாவுவாள், மூச்சே வாங்காது என்று
குசுமா பாய் சொன்னார்;
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஸ்கேன் படத்தில் என் முட்டி
ராத்திரியில் மலைமேலிருந்து பார்த்த ஊர்போல இருந்தது,
ஒரு தெருவில் மட்டும் கரண்ட் இல்லை.
ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர்,
சட்டை கிழிந்ததைச் சொல்லும் குரலில்.
ஆட்டத்தை விட்டுவிட்டு
யோகா மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார்.
அந்த 'மாதிரி'யின் மேலிருந்த கோபத்தில்தான்
சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து
அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன்.
டிவி பார்த்தபடி கணவர் எண்ணுவார்.
விளம்பரம் வந்தால் எண்ணிக்கை தப்பும்,
எப்போதும் எனக்கு நட்டமாகவே.

மைக்கைக் காதில் மாட்டினேன்.
பஞ்சில் வேறொருத்தியின் பவுடர் வாசம்.
பதினேழு பேர்.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிய பல்கீஸ்,
தலைப்பூவைக் கழற்றி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட மாவுக்கடை தவமணி,
எனக்குப் பெயர் தெரியாத நாலு புது முகம்.

"இன்னைக்குத் தாவல் கிடையாது."
"அப்ப என்ன மிஸ்?"
"ஒரு கால் எப்பவும் தரையில இருக்கணும்."
முதியோர் கிளாஸா என்றது
பின்வரிசையில் ஒரு காற்றுக்குரல்.
முட்டிதான் போனது எனக்கு, காது போகவில்லை.

பாட்டு ஓடியது.
தாவ வேண்டிய இடம் வந்தது.
பத்து மாதம் கழித்தும் உடம்புக்கு அது தெரிகிறது;
முட்டி எழப் பார்த்தது,
பெயர் கூப்பிட்ட பிள்ளைபோல.
உட்கார் என்றேன்.
இடுப்பை முன்னால் அனுப்பி
கையை உயர்த்தி
குதிகாலை மெல்ல, மிக மெல்ல இறக்கி
அந்தத் தாவலைப் பக்கவாட்டில் கொண்டுபோனேன்.
மூன்றாம் சுற்றில் பின்வரிசையின் பேச்சு நின்றது.
ஐந்தாம் சுற்றில் தொடைகள் நடுங்கின.
தாவுகிறவள் காற்றில் கொஞ்சம் ஓய்ந்துகொள்கிறாள்.
தரையிலேயே இருக்கிறவளுக்கு
அதுவும் கிடையாது.

வலித்ததா?
நாற்பதாம் நிமிடத்திலிருந்து.
முன்வரிசைக்குத் தெரியாமல் வலித்தது.

கீழே பீங்கான் கடை என்று சொல்லவில்லையே.
முன்பெல்லாம் நாங்கள் தாவினால்
அங்கே கண்ணாடித் தம்ளர்கள் பேசிக்கொள்ளும்.
கடைக்காரர் சுந்தரமகாலிங்கம்
ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியால்
கூரையில் மூன்று தட்டு தட்டுவார்.
தட்டிய பிறகு
நாங்கள் கொஞ்சம் கூடுதலாகவே தாவுவோம்.
ஆறு வருட வழக்கு அது.

இன்று தட்டவில்லை.
வகுப்பு முடிகிற நேரம்
கம்பியும் கையுமாக வாசலில் நின்றார்.
"கிளாஸ் இல்லையோன்னு பாக்க வந்தேம்மா.
சத்தமே வரலையே."
உள்ளே பதினேழு பேர் விழுந்த இடத்தில் கிடந்தார்கள்.
ஒருத்திக்கும் எழுந்திருக்கக் கால் வரவில்லை.
பார்த்தார்.
கம்பியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

விளக்கணைத்துப் பூட்டி
இருவரும் இறங்கினோம்.
எனக்கு முன்னால் அவர்,
ஒவ்வொரு படியிலும் கம்பியை ஊன்றி.
அவருக்கும் இடது கால்தான்
முதலில் இறங்கியது.
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
கடைசிப் படியில்
"நாளைக்கும் உண்டா?" என்றார்,
திரும்பிப் பார்க்காமல்.