உபயோகம்: வணிகம்

ஆயிரத்து நூற்று எண்பத்தாறு சதுர அடி
என்கிறது நோட்டீஸ்.
பதினெட்டு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறேன்,
துடைப்பத்துக்கு அகப்படாத இருநூறு அடி
எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறதோ.
இருந்தால் காட்டுங்கள்,
இந்தச் சித்திரையில் அங்கேயாவது படுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வரிதான் வலித்தது.
உபயோகம்: வணிகம்.
வணிகமாவது, கேட்டில் கட்டிய தகரப் பலகை.
ஆஸ்பத்திரிக்கு வருகிற கல்கத்தாக்காரர்களுக்காக
ஆட்டோ மன்சூர் எழுதி வாங்கித் தந்தது.
'ரூம் கிடைக்கும்னுதான் போட்டிருக்கு அக்கா' என்றார்.
ஆறு வருஷமாக என் வாசலில்
எனக்கே படிக்கத் தெரியாத ஒரு வரி.

முப்பது நாள் கெடு.
மாநகராட்சிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில்
மனு எழுதும் பையன்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டான்:
'வீட்ல என்னென்ன கொறை? கூச்சப்படாம சொல்லுங்க.
எவ்ளோ மட்டமோ அவ்ளோ நல்லது.'

தோட்டப்பாளையம் சந்து, ஆட்டோ திரும்பாது.
தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
மாடிப்படிக்கு அடியில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது.
ஒரு மழைக்குச் சாக்கடை
அழைக்காமலே கூடத்துக்கு வந்துவிடும்.
குளியலறைக்கு ஆஸ்பெஸ்டாஸ்,
அதையும் மாடி என்று அளந்திருக்கிறார்கள்.
இன்னும், இன்னும் என்றான்.
எனக்கும் வந்துகொண்டே இருந்தது.

பெண் பார்க்க வந்த ராணிப்பேட்டைக்காரர்களிடம்
இதே வாய்தான் சொன்னது,
காற்றோட்டமான வீடு, கல் மாதிரி கட்டடம் என்று.
லோன் கொடுத்த மேனேஜரிடமும் சொன்னது.
மனுவை வீட்டில் ஒருமுறை படித்துப் பார்த்தேன்,
உதடு அசையாமல்.
சுவருக்குக் கேட்டுவிடுமே என்றிருந்தது.

மறு அளவைக்கு வந்தார் தணிகாசலம்.
டேப்பின் ஒரு முனை அவரிடம்,
மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல்
முன்னறை ஷெஃபாலி பிடித்தாள்.
மால்டாவிலிருந்து வந்து நான்கு மாதம்.
புருஷன் நிமாய்க்கு ரத்தத்தில் ஏதோ.
அடுத்த தேதி, அடுத்த தேதி என்று
காலண்டரில் வட்டம் போட்டபடி இருக்கிறாள்.

காக்கிப் பையையும் காகிதக் கட்டையும் பார்த்து
என் மேல் யாரோ புகார் கொடுத்துவிட்டதாக
நினைத்துக்கொண்டாள் போல.
நான் குளியலறைக் கூரையைக் காட்டும்போது
டேப்பை விடாமலே குறுக்கே வந்தாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம்
ரத்தம் எடுக்கும் வரிசையில் கற்றது.
'நல்ல வீடு சார்.
வலி இல்ல.
பயம் இல்ல.
அம்மா மெதுவா பண்ணும்.'

தணிகாசலம் பேனாவைத் திறந்து
சற்று நேரம் அப்படியே நின்றார்.
'இத எந்தக் காலத்துல எழுதறது?' என்றார்
என்னிடம்.
என் பதினோரு குறைகளும்
கையில் மடங்கி இருந்தன.
பேசாமல் நின்றேன்.

ஆணை வந்தது.
மனுதாரர் திருமதி பெ. அமலோற்பவம்.
பரப்பு தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு எனத் திருத்தப்படுகிறது.
கட்டடத்தின் நிலை: நன்று.
முன்னறை வணிக உபயோகமாகவே தொடர்கிறது.
அரையாண்டுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மிச்சம்.
வெயிலில் நின்று கட்டிவிட்டு,
ரசீதை மடித்து பைபிளுக்குள் வைத்தேன்.
அந்த 'நன்று' யார் கைங்கரியம் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பலகையைக் கழற்ற ஸ்டூல் போட்டேன்.
ஷெஃபாலி கீழே பிடித்துக்கொண்டாள்.
என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
'கொர்' என்றாள்.
அறையைக் காட்டினாள். ரூம்.
பிறகு கை முழுதும் விரித்து
கேட்டிலிருந்து முருங்கை வரை காட்டினாள்.
அதுவும் 'கொர்'தானாம்.
அவர்கள் பாஷையில்
அறைக்கும் வீட்டுக்கும் ஒரே சொல்.

இதை மனுவில் சேர்த்திருக்கலாம்.
கெடு முடிந்துவிட்டது.
தளர்ந்திருந்த கட்டுக்கம்பியை
இரண்டு சுற்று முறுக்கிவிட்டு இறங்கினேன்.