கத்திரி, ஒன்பதாம் நாள்

விடியற்காலை நாலேமுக்காலுக்கே வியர்க்கிறது.
ரெஹானாவின் பழைய ஆல்டோவில் ஐந்து பேர்,
என் மடியில் ஒரு தர்பூசணி.
ஜன்னலைத் திறப்பதா, ஏசி போடுவதா என்று
திருவான்மியூர் சிக்னலிலேயே ஒரு சண்டை.

கோவளம்.
அலைச்சறுக்குப் பலகை இவ்வளவு கனமென்று
யாரும் சொல்லவில்லை.
டெய்சி எழுந்து நின்றாள், மூன்று நொடி.
குணசீலன் நிற்கவே இல்லை,
விதவிதமாக விழுந்தான்.

நீ மட்டும் முழங்கால் தண்ணீரில்
பலகைக்குக் காவல் நிற்கிறாய்.
பதினோரு வருடம்!
தாமிரபரணியைக் குறுக்கே நீந்தியவன் என்று
பெண் பார்க்க வந்த அன்றே
அப்பாவிடம் அளந்தாய்.
"நீச்சல் தெரியாது" என்கிறாய் இப்போது,
அலைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

சிரித்து, உப்புத்தண்ணீர் குடித்து, இருமி,
இடுப்பளவுக்கு உன்னை இழுத்துப் போகிறேன்.
என் மணிக்கட்டில் உன் ஐந்து விரலும்.
அலை வருகிறது.
குதி என்கிறேன்.
கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறாய்.

கத்தியை யாரும் எடுத்து வரவில்லை.
குணசீலன் தர்பூசணியை
முழங்காலில் போட்டு உடைத்தான்.
மணல் நறநறக்கத் தின்றோம்.

எட்டு மணிக்கே கால் சுடுகிறது.
ரெஹானா கார் சாவியை ஆட்டுகிறாள்.
மோவாயில் சிவப்புச் சாறு வழிய
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.
"இன்னும் ஒரு அலை" என்கிறாய்,
"ஒன்றே ஒன்று."