இருபத்தையாயிரத்துச் சொச்சம் ஹலோ

இபாரிக்கும் உஷ்குலிக்கும் நடுவே
பனிச்சரிவு விழுந்து சாலை அடைந்த வாரத்தில்தான்
அந்த ரேடியோ இணைப்பும் படுத்தது.
படுத்தது என்பதும் தப்பு.
விளக்கு பச்சை. சிக்னல் நன்று.
இரண்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று
கூப்பிட்டபடியேதான் இருந்தன.
மெஸ்தியாவில் கணப்பருகே உட்கார்ந்து
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நொடிக்கு ஒரு ஹலோ.
அதில் தன் எண், தன் வட்டாரம்,
எவ்வளவு நேரம் பொறுப்பேன் என்ற கணக்கு,
கடைசியில்
இதுவரை யார் யார் குரல் கேட்டேன் என்றொரு பட்டியல்.
குரல் கேட்டுவிட்டால் மட்டும் போதாது.
அடுத்தவன் பட்டியலில்
தன் பெயரைத் தானே வாசிக்கிறபோதுதான்
இருவழி.

அதற்குப் பிறகே கொடுக்கல் வாங்கல்.
பேச்சை நடத்துவது யார்?
வயதில்லை, குலமில்லை,
வீட்டுக் கோபுரத்தின் உயரமில்லை;
எவன் எண் பெரிதோ அவன்.
தத்தம் வரைபடத்தின் தலைப்புகளை மட்டும்
முதலில் ஒப்பிப்பார்கள்.
என்னிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறதா,
கொடு. வந்தது. இன்னொன்று.
இரண்டு வரைபடமும் ஒன்றே ஆனதும்
முழுமை என்று எழுதிக்கொள்வார்கள்.

இவர்கள் அதற்கு முந்தைய படியிலேயே நின்றார்கள்.
தொடங்கலாமா என்று இபாரி.
தொடங்கலாமா என்று உஷ்குலி.
ஐந்து நொடி கழித்து மறுபடி தொடங்கலாமா.
மூன்று நாள்.
ஒரு பக்கத்துக்கு மட்டும்
இருபத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ஹலோ;
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
வேறென்ன செய்வது.

விடுதிக்காரர் பிமுர்ஸாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
இலையுதிர்காலத்து மின்னலில் பழைய பெட்டி கருகியதும்
புதியதை மாட்டியவர் அவர்.
போன் எடுப்பது சமையலறை ஜன்னலில் மட்டும்,
பெட்டி இருப்பது மாடியில்.
மருமகள் நதேலா படிக்கட்டில் நின்று
எண்களை மேலிருந்து கீழே கத்தினாள்.
ஆயிரத்து ஐந்நூறு!
இபாரியில் ஆயிரத்து அறுநூறு.

அவ்வளவுதான் விஷயம்.
ஹலோ சின்னது, எந்த வாசலிலும் நுழையும்.
வரைபடக் கட்டில் மட்டும்
எங்கள் பொதி இவ்வளவு பெரிது என்று
அளவை நெற்றியில் எழுதி அனுப்புவான் இபாரிக்காரன்.
உஷ்குலி அதைப் படிக்கும்,
தன் நிலைப்படியை அளக்கும்,
வாய் திறக்காமல் கீழே போட்டுவிடும்.
மறுத்தேன் என்று ஒரு வார்த்தை அனுப்பாது.

பிமுர்ஸா கொஞ்சநேரம் பேசவில்லை.
"பிக்ரியா, எதிர்வீட்டு ஜான்சுக்கும் நானும் இப்படித்தான்.
காலையில் அவன் வணக்கம், என் வணக்கம்.
பதினொரு வருஷம்."
அப்புறம் கேட்டார்:
"மாற வேண்டியது யார்? அவனா, நானா?"

ரவுட்டரைத்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.
யார் மாறினாலும் சரிதான்,
இரண்டும் ஒத்துப்போனால் போதும்.
ஆனால் இன்றைக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது
உங்கள் பெட்டியிடம்.

நதேலா எண்ணைத் திருத்தினாள்.
இணைப்பு ஒருமுறை அணைந்து எழுந்தது.
எல்லாம் முதலிலிருந்து:
ஹலோ, பட்டியல், தன் பெயர்.
தொடங்கலாமா. தொடங்கு.
தலைப்புகள் சரசரவென இறங்கின,
ஷ்காரா மலையடிக் கிளைகூட
என் வரைபடத்தில் வந்து உட்கார்ந்தது.
முழுமை.
மருத்துவ அறையிலிருந்து தேங்கிக் கிடந்த
எக்ஸ்ரே படங்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டன.

"இனி என்ன பேசுவார்கள்?" என்றார்.
பெரிதாய் ஒன்றுமில்லை.
ஏதாவது மாறினால் உடனே சொல்லிக்கொள்வார்கள்.
மற்ற நேரம் பத்து நொடிக்கொருமுறை
இருக்கிறேன், இருக்கிறாயா.

"அதைத்தானே மூன்று நாளாய்ச் செய்தார்கள்?"

பதில் தேடுவதற்குள்
அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிவிட்டார்.
போனை வைக்கவில்லை.
ஜன்னல் திறக்கும் சத்தம்,
மண்வெட்டி பனியில் இறங்கும் சத்தம்,
தூரத்தில் யாரோ யாரையோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

நாற்பது நொடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
நானே வைத்தேன்.